டென்ட் நனைஞ்சதுக்கு மழை காரணம் இல்ல: கேனோ கேம்பிங்ல சொதப்பினத வச்சு கத்துக்கறது எப்படி

கார நிறுத்திட்டு பக்கத்துலயே டென்ட் அடிக்கிற கேம்பிங்ல எது சொதப்பினாலும் கார்ல ஏறி ஹீட்டர் போட்டு உக்காந்துக்கலாம், கேனோங்கற ஒடுக்கமான படகுல துடுப்பு போட்டு உள்ள போயி தங்குற கேம்பிங்ல அந்த வசதி கிடையாது, கார் ரெண்டு ஏரி தள்ளி நிக்கும். அதனால அங்க சின்ன தப்புக்கு கூட வட்டி ஜாஸ்தி. நான் டொரொண்டோ பக்கம் வந்து ஒம்பது வருஷம் ஆச்சு, அதுல ஆறு வருஷமா அல்கோன்குயின் பார்க்குக்கு, காடும் ஏரியுமா இருக்குற பெரிய பார்க், போயிட்டு இருக்கேன், மொத மூணு ட்ரிப்பும் ஒரே மாதிரி சொதப்பினேன்ங்கறதுதான் வெக்கக்கேடு. ஒரு தடவ சொதப்பறது சகஜம், அதையே திரும்ப திரும்ப ஏன் பண்றோம்னு யோசிச்சு கண்டுபிடிச்சதத்தான் இங்க எழுதறேன்.

மொத ட்ரிப்ப கொஞ்சம் விவரமா சொல்றேன், அப்பதான் புரியும். ஆகஸ்ட் கடைசி, நானும் என் வைஃபும், காலேஜ் நண்பன் ஒருத்தனும் அவன் வைஃபும், ரெண்டு கேனோ. ஸ்மோக் லேக்ல இறங்கி தெக்கால துடுப்பு போட்டு, 240 மீட்டர் போர்ட்டேஜ் நடந்து, ராக்ட் லேக்ல தங்கணும். போர்ட்டேஜ்னா ரெண்டு ஏரிக்கு நடுவுல கேனோவ தலைல கவுத்துட்டு நடக்குற காட்டு வழி. காலைல ஆறுக்கு கிளம்பறதா பேச்சு, கிளம்பும்போது எட்டே முக்கால். அல்கோன்குயின் மேற்கு வாசலுக்கு டொரொண்டோலேருந்து மூணு மணி நேரம்தான்னு கூகுள் சொல்லும், நடுவுல காபி, பெட்ரோல், மறந்த கொசு மருந்த கடை கடையா தேடினது எதையும் அது சொல்லாது. பர்மிட் வாங்கி, வாடகை கேனோ எடுத்து, சாமான் ஏத்தி தண்ணில இறங்கும்போது மணி ரெண்டு பத்து.

மத்தியானம் ஆனா பெரிய ஏரில காத்து கிளம்பிடும். எங்களுக்கு நேரா மூஞ்சில அடிச்சுது. ஒன்னரை மணி நேரத்துல கடந்துடலாம்னு நினைச்ச ஏரிக்கு ரெண்டே முக்கால் மணி நேரம் ஆச்சு, போர்ட்டேஜ்ல சாமான் தூக்க மூணு நடை, அதாவது போக வர அஞ்சு தடவ நடந்து 240 மீட்டர் வழி 1,200 மீட்டர் ஆயிடுச்சு. ராக்ட் லேக்ல பாத்தா மொத ரெண்டு இடத்துலயும் ஆள் இருக்கு. அங்க பர்மிட் ஏரிக்குத்தான், குறிப்பிட்ட இடத்துக்கு இல்ல, மரத்துல ஆரஞ்சு கலர்ல டென்ட் படம் போட்ட பலகை இருக்குற இடத்துல மொதல்ல வந்தவங்களுக்கு எடம். மூணாவது இடம் கிடைச்சப்ப ஏழே முக்கால், தூறல் ஆரம்பிச்சாச்சு. இருட்டுல கைக்கு சமமா தெரிஞ்ச எடத்துல டென்ட் அடிச்சோம். அது சமமான எடம் இல்ல, தட்டு மாதிரி நடுவுல குழிஞ்ச எடம். ராத்திரி ஒரு மணிக்கு என் வைஃப் எழுப்பி "ஏங்க, மெத்தை மெதக்குது"ன்னா. நான் ஏதோ கனவுல பேசறான்னு நினைச்சு கைய கீழ வச்சா மணிக்கட்டு வரைக்கும் தண்ணி.

வீட்டுக்கு வந்ததும் நாங்க எடுத்த முடிவு என்ன தெரியுமா, டென்ட் சரியில்லனு. நானூறு டாலருக்கு புது டென்ட். அடுத்த ரெண்டு வருஷமும் அதே மாதிரி லேட்டா போயி, அதே மாதிரி இருட்டுல அடிச்சு, அந்த நானூறு டாலர் டென்டும் நனைஞ்சுது. மூணாவது தடவதான் எனக்கு உறைச்சுது, நாங்க நனைஞ்சது ராத்திரி ஒரு மணிக்கு இல்ல, காலைல எட்டே முக்காலுக்கு, பிராம்ப்டன்ல, எங்க வீட்டு டிரைவ்வேல.

முதல்ல செய்ய வேண்டியது இதுதான். ட்ரிப்ல எது வலிச்சுதோ அத விட்டுட்டு, கடிகாரத்த பின்னாடி ஓட்டுங்க. வலிச்ச நேரத்த எழுதுங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துது, அதுக்கு முன்னாடி என்னன்னு நேரத்தோட எழுதிக்கிட்டே போங்க, "இந்த எடத்துல நாம வேற மாதிரி பண்ணிருக்கலாம், அப்ப சுலபமாவும் இருந்திருக்கும்"ங்கற எடம் வர்ற வரைக்கும். அங்கதான் நிறுத்தணும். எங்க கதைல மழைய நிறுத்த முடியாது, காத்த நிறுத்த முடியாது, இருட்டுல டார்ச்ச தூக்கிட்டு நல்ல எடம் தேடறது கஷ்டம், ஆனா முந்தின நாள் ராத்திரியே கார்ல சாமான ஏத்தி வைக்கிறது ஒரு மணி நேர வேலை. அவ்வளவுதான் வித்தியாசம். இப்ப முந்தின நாளே கிளம்பி பார்க்குக்கு முன்னாடி வர்ற ஹன்ட்ஸ்வில் ஊர் பக்கம் ஒரு சாதா கார் கேம்ப்ல தூங்கிட்டு, காலைல ஒம்பது மணிக்கெல்லாம் தண்ணில இருப்போம். ஒரு ராத்திரி வாடகை எக்ஸ்ட்ராதான், ஆனா அந்த டென்டோட விலைய விட கம்மி.

இத எப்ப எழுதணும்ங்கறது முக்கியம். அன்னைக்கு ராத்திரியே, டென்டுக்குள்ள படுத்துக்கிட்டு, தலைல மாட்டுற டார்ச் வெளிச்சத்துல. வீட்டுக்கு வந்து எழுதலாம்னு விட்டீங்கன்னா மூணே நாள்ல மூளை எல்லாத்தையும் காமெடி ஆக்கிடும், வாரக்கடைசில நாலு பேர் கூடற எடத்துல "மெத்தை மெதக்குது" கதைய சொல்லி சிரிச்சு சிரிச்சு அந்த எட்டே முக்கால் மணி கதையிலேருந்தே காணாம போயிடும். நான் சின்ன நோட்டும் பென்சிலும் ஜிப்லாக் கவர்ல போட்டு வச்சிருக்கேன், பேனா ஈரத்துல எழுதாது. கதை எழுத வேணாம், நேரம், என்ன ஆச்சு, எது பத்தல, எத தூக்கிட்டு வந்து தொடவே இல்ல, இது போதும். கடைசில சொன்னது ரொம்ப உபயோகம். மூணு ட்ரிப் நோட்ட பாத்தப்ப மடக்கு நாற்காலி ரெண்டு, இரும்பு தோசைக்கல்லு ஒன்னு, ஆளுக்கு நாலு டி-ஷர்ட், இதெல்லாம் போர்ட்டேஜ்ல சும்மா ஊர்வலம் போயிட்டு வந்துதுன்னு தெரிஞ்சுது. தோசைக்கல்லு என் ஐடியா இல்லன்னு இங்க பதிவு பண்ணிக்கறேன்.

அடுத்தது, எழுதினத மூணா பிரிச்சு பாருங்க: பொருள் சரியில்லையா, கை பழக்கம் இல்லையா, முடிவு தப்பா. நம்ம ஆளுங்களுக்கு எல்லாமே பொருள் பிரச்சனையா தெரியும், ஏன்னா கடைக்கு போறது ஈஸி, பழகறது கஷ்டம். கேனோ நேரா போகாம பாம்பு மாதிரி வளைஞ்சு போகுதுன்னு வச்சுக்கோங்க, வாடகை கேனோ மட்டமா இருக்குன்னு திட்டுவோம். பின்னாடி உக்காந்தவர்தான் திசைய பாத்துக்கணும், துடுப்ப பின்னுக்கு இழுத்து முடிக்கும்போது பிளேடு தண்ணிய வெளிப்பக்கம் தள்ளுற மாதிரி கட்டைவிரல கீழ திருப்பி லேசா தள்ளி விடணும், ஜே எழுத்து மாதிரி. ரெண்டு மணி நேரம் ஒரு சின்ன குளத்துல பழகினா வந்துடும். இது தெரியாம நானும் என் வைஃபும் ஸ்மோக் லேக் நடுவுல யாரால கேனோ திரும்புதுன்னு சண்டை போட்டோம், தண்ணில சத்தம் எவ்ளோ தூரம் போகும்னு அப்ப தெரியாது, கரையில காட்டேஜ் வாசல்ல உக்காந்திருந்த தாத்தா கைய அசைச்சாரு. தமிழ் புரிஞ்சிருக்காது, விஷயம் புரிஞ்சிருக்கும்.

டென்ட் நனையறதுலயும் பாதி கை பழக்கம்தான். டென்டுக்கு அடில விரிக்கிற ஷீட் டென்ட் தரைய விட ஒரு விரக்கடை கூட வெளிய நீட்டிக்கிட்டு இருக்க கூடாது, நீட்டினா மேலேருந்து வழியற தண்ணிய புடிச்சு நேரா உங்க முதுகுக்கு அடில கொண்டு வந்து விட்டுடும். எங்களுது ஒரு அடி நீட்டிக்கிட்டு இருந்துது, ஷீட் பெருசா இருந்தா நல்லதுன்னு நினைச்சோம். அப்புறம் அந்த பக்கம் பூரா பாறை, மேல மண்ணு கொஞ்சம்தான், ஆணி நாலு இன்ச்சுக்கு மேல இறங்காது, அதனால கயித்த பெரிய கல்லுலயோ மரத்துலயோ கட்ட தெரிஞ்சிருக்கணும். எடம் பாக்கும்போது ஒரு பாட்டில் தண்ணிய தரைல ஊத்தி எந்த பக்கம் ஓடுதுன்னு பாருங்க, ஓடாம நின்னுதுன்னா அந்த எடம் வேணாம். கீழ பாத்ததுக்கு அப்புறம் மேலயும் பாருங்க, பட்டுப்போன மரமோ ஒடிஞ்சு தொங்குற கிளையோ இருந்தா எவ்ளோ அழகான எடமா இருந்தாலும் தள்ளி போயிடுங்க. டென்டுக்கு முன்னாடி தார்ப்பாய கட்டிட்டா மத்த வேலையெல்லாம் அதுக்கு அடில நனையாம நடக்கும், மழைல மொதல்ல கட்ட வேண்டியது அதுதான்.

காலைல டென்ட் உள்பக்கம் சொட்டு சொட்டா ஈரமா இருந்தா அது ஒழுகல் இல்ல, நம்ம மூச்சு காத்துதான், குளிருதுன்னு எல்லா ஜன்னலையும் மூடினதோட பலன். இதுக்கு போயி டென்ட மாத்துனவங்கள எனக்கு தெரியும். காசு செலவு பண்ணணும்னா படுக்கைல பண்ணுங்க. ஆகஸ்ட்லயே ராத்திரி எட்டு டிகிரிக்கு போகும், வீட்டுல விருந்தாளிக்கு போடுற காத்தடிச்ச மெத்தைல படுத்தா உள்ள இருக்குற காத்து கீழ தரையோட சேந்து ஜில்லுனு ஆகி உங்க சூட்ட உறிஞ்சிடும். குளிருக்குன்னே பண்ணின ஸ்லீப்பிங் பேட் வேணும். இது ஒன்னுதான் நான் யோசிக்காம பொருள் பிரச்சனைன்னு ஒத்துக்கறது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். மேல சொன்னதெல்லாம் பட்டு தெரிஞ்சுக்கற தப்பு, நனைஞ்சா காயும், பசிச்சா ஒரு நாள்தான். பட்டு தெரிஞ்சுக்கவே கூடாத தப்பு ஒன்னு இருக்கு, குளிர்ந்த தண்ணி. அல்கோன்குயின்ல ஏரி ஐஸ் உருகறதே ஏப்ரல் கடைசி, மே ஆரம்பம். மே மாசம் லாங் வீக்கெண்ட்ல வெயில் இருபது டிகிரி அடிக்கும், எல்லாரும் டி-ஷர்ட்ல இருப்பாங்க, தண்ணி மட்டும் அப்பதான் ஐஸா இருந்து எழுந்த தண்ணி. மேனிடோபா யூனிவர்சிட்டில குளிர் ஆராய்ச்சி பண்ணின கோர்டன் கீஸ்ப்ரெக்ட் ஒரு கணக்கு சொல்லுவாரு, 1-10-1ன்னு. விழுந்த மொத 1 நிமிஷம் மூச்சு தன்னால இழுத்து இழுத்து வாங்கும், அப்ப தலை தண்ணிக்கு மேல இருக்கணும், பதறாம மூச்ச கட்டுக்குள்ள கொண்டு வரணும், இதுதான் வேலை. அடுத்த 10 நிமிஷம்தான் கை கால் உருப்படியா அசையும், என்ன பண்ணணுமோ அதுக்குள்ள பண்ணிடணும். நினைவு தப்பறதுக்கு சுமாரா 1 மணி நேரம் ஆகும். அதாவது பல பேர் நினைக்கிற மாதிரி உடம்பு விறைச்சு போறதுக்கு நேரம் இருக்கு, அதுக்கு ரொம்ப முன்னாடியே கை ஓஞ்சுடும், நீச்சல் தெரிஞ்சவனும் மூழ்குவான். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்னு படகுல இருக்கணும்ங்கறது சட்டம், ஆனா சீட்டுக்கு அடில கிடக்குற ஜாக்கெட்ட தண்ணில விழுந்ததுக்கு அப்புறம் மாட்டறது, மோதினதுக்கு அப்புறம் சீட் பெல்ட் தேடற மாதிரி. உடம்புல மாட்டி ஜிப்ப போடுங்க. ஸ்மோக் லேக்குக்கு பக்கத்துலயே கேனோ லேக் இருக்கு, டாம் தாம்சன்னு கனடாவோட பெரிய ஓவியர் 1917 ஜூலைல அங்கதான் இறந்தாரு, கவுந்த கேனோ மொதல்ல கிடைச்சுது, அவர் உடம்பு சில நாள் கழிச்சுத்தான். எப்படி இறந்தாருன்னு நூறு வருஷத்துக்கு மேலயும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க, ஆனா அவரு அந்த ஏரிய உள்ளங்கை மாதிரி தெரிஞ்சு வச்சிருந்த ஆளு.

அதனால இந்த பாடத்த மட்டும் வேணும்னே, நமக்கு வசதியான நாள்ல படிக்கணும். ஜூலைல, வெயில்ல, இடுப்பளவு தண்ணில, கரைல ஒருத்தர நிக்க வச்சுட்டு, ஜாக்கெட் போட்டுக்கிட்டு கேனோவ நீங்களே கவுத்து பாருங்க. துடுப்பு எங்க போகுது, பை மெதக்குதா மூழ்குதா, தண்ணி நிறைஞ்ச கேனோவ எவ்ளோ நேரத்துல கரைக்கு இழுக்க முடியுது, எல்லாம் தெரியும். கேனோவ விட்டுட்டு கரைக்கு நீந்தறதுதான் மனசுக்கு தோணும், அது பெரும்பாலும் தப்பு, தூரம் ஏமாத்தும், கவுந்த கேனோ மெதக்கும், அத புடிச்சுக்கிட்டு இருந்தா மத்தவங்க கண்ணுக்கும் தெரிவீங்க. நாங்க பண்ணி பாத்தப்ப ட்ரை பேக்னு, அதாவது தண்ணி புகாத பைன்னு சொல்லி வாங்கினதுல ஒன்னு உள்ள தண்ணி வாங்கிடுச்சு, வாய மூணு சுத்து சுருட்டணும், நாங்க ஒரு சுத்துதான் சுருட்டியிருந்தோம். இப்ப ஸ்லீப்பிங் பேக்கயும் ராத்திரி போடுற துணியையும் தடிமனான குப்பை கவர்ல போட்டு கட்டி அப்புறம்தான் ட்ரை பேக்ல வைக்கிறோம். எது நனைஞ்சாலும் அந்த ஒரு மூட்டை நனையலன்னா ராத்திரிய ஓட்டிடலாம். அந்த துணி காட்டனா இருக்க கூடாது, ஈரமான காட்டன் போட்டுக்கறதும் ஒன்னு, ஈரத்துண்ட சுத்திக்கறதும் ஒன்னு. யாராவது நடுங்கிக்கிட்டே பேச்சு குழறுனா, கை பட்டன் போட தடுமாறினா, "எனக்கு ஒன்னும் இல்ல"ன்னு அவங்க சொல்றத நம்பாதீங்க, ஈரத்துணிய மாத்தி, ஸ்லீப்பிங் பேக்ல நுழைச்சு, சூடா இனிப்பா குடிக்க குடுங்க.

காத்துக்கு எங்க வீட்டு விதி ஒன்னு இருக்கு, ரெண்டாவது ட்ரிப் நோட்டுலேருந்து வந்தது. ஏரில வெள்ளை நுரை தலை தூக்கிட்டா இறங்கறது இல்ல. விவாதமே கிடையாது, யாராவது ஒருத்தர் நுரைய பாத்துட்டேன்னு சொன்னா அன்னைக்கு அவ்ளோதான். ஏற்கனவே தண்ணில இருந்தா கரைய ஒட்டியே போறது, நடு ஏரிய குறுக்க வெட்டறது இல்ல, சீட்டுல உக்காராம முட்டி போட்டுக்கறது, எதிர்காத்தா இருந்தா கனத்த பைய முன்னாடி நகத்திக்கறது. இந்த மாதிரி முடிவ முன்கூட்டியே எடுத்து வச்சிடணும், ஏன்னா அங்க போயி நின்னா "திங்கக்கிழமை ஆபீஸ் இருக்குடா"ன்னு ஒருத்தன் ஆரம்பிப்பான், அந்த ஒரு வாக்கியத்துக்காக ஜனங்க என்னென்னவோ பண்ணிருக்காங்க. ஒரு நாள் சாப்பாடு எக்ஸ்ட்ரா வச்சுக்கோங்க, செவ்வாய்க்கிழமையும் லீவ் சொல்லி வைங்க. இடி கேட்டா உடனே கரை, கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் காத்திருக்கணும். உள்ள ஃபோன் சிக்னல் கிடைக்கும்னு நம்பி போகாதீங்க, வீட்டுல ஒருத்தர்கிட்ட எந்த ஏரி, கார் எங்க நிக்குது, எத்தன மணி வரைக்கும் ஃபோன் வரலன்னா போலீஸ கூப்பிடணும்னு எழுதி குடுத்துட்டு போங்க. சாட்டிலைட் மெசேஜ் கருவி வாடகைக்கு கிடைக்கும், கிடைச்சா எடுங்க.

சாப்பாட்டுல நாங்க சொதப்பினது தனி கதை, சுருக்கமா சொல்லிடறேன். அல்கோன்குயின் உள்பகுதில தகர டின், கண்ணாடி பாட்டில் கொண்டு போக கூடாது, இது தெரியாம கார் பார்க்ல நின்னு ரெண்டு பாட்டில் ஆவக்காய பிளாஸ்டிக் டப்பாக்கு மாத்தினோம், அந்த வாசனைக்கு சுத்தி நின்னவங்க திரும்பி பாத்தாங்க, ரெண்டு நாளைக்கு கரடியும் பாக்குமோன்னு பயந்துக்கிட்டே இருந்தோம். கரடி வரல. ஒரு சிப்மங்க், நம்ம அணில் சைஸ்தான் இருக்கும், பையோட அடில ஓட்டை போட்டு முந்திரிய மட்டும் பொறுக்கிட்டு போயிடுச்சு. சாப்பாடு, டூத் பேஸ்ட், சோப்பு எதுவும் டென்டுக்குள்ள வேணாம், மூடி இறுகற பீப்பா, இல்லன்னா கயித்துல கட்டி தரைலேருந்து 4 மீட்டர் உயரத்துல, மரத்தண்டுலேருந்து 2, 3 மீட்டர் தள்ளி தொங்க விடணும், அதையும் வெளிச்சம் இருக்கும்போதே. அரிசி வேண்டாம், கேஸ் தின்னுடும். வறுத்து தாளிச்சு வச்ச ரவை, அவல், ரசப்பொடி, பருப்புப்பொடி, ஒரு சின்ன டப்பா நெய், ரெண்டு ராத்திரிக்கு தாராளம்.

கடைசியா, நோட்டுல எழுதினது எல்லாத்தையும் அடுத்த ட்ரிப்ல சரி பண்ண பாக்காதீங்க. மூணு விஷயத்துக்கு மேல மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது. எது மாறுதோ அத லிஸ்ட்ல ஏத்துங்க, "ஞாபகம் வச்சுக்கலாம்"னு சொன்னது எதுவும் எங்க வீட்டுல இதுவரைக்கும் ஞாபகம் இருந்தது இல்ல. முடிஞ்சா சொதப்பின அதே ரூட்டுக்கே திரும்ப போங்க. ஜனங்க ஒரு எடம் சரியா வரலன்னா அடுத்த தடவ வேற எடத்துக்கு போவாங்க, அப்ப எடம் மாறினதால நல்லா இருந்துதா, நாம மாறினதாலயான்னு சொல்ல முடியாது. நாங்க நாலாவது வருஷம் ஸ்மோக் லேக்குக்கே போனோம், காலைல ஒம்பதுக்கு தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துது, ஒன்னே கால் மணி நேரத்துல போர்ட்டேஜ், ரெண்டே நடை, மதியத்துக்கு முன்னாடி டென்ட். அன்னைக்கு ராத்திரியும் மழை பெஞ்சுது. எங்களுக்கு காலைல தார்ப்பாய்ல தேங்கின தண்ணிய பாத்துதான் தெரியும்.

உள்பகுதி பர்மிட் அஞ்சு மாசம் முன்னாடியே புக் பண்ண திறந்துடும், செப்டம்பருக்கு ராக்ட் லேக் தாண்டி பிக் போர்க்குபைனுக்கு போட்டு வச்சிருக்கோம், நடுவுல 590 மீட்டர் ஏத்தமான போர்ட்டேஜ் இருக்கு. லிஸ்ட்ல இந்த தடவ புதுசா மூணே வரி: நாற்காலி வேணாம், கயிறு இன்னும் பத்து மீட்டர், கரண்டி. போன ட்ரிப்ல ரெண்டு நாள் துடுப்பாலதான் உப்புமா கிண்டினோம்.